அப்பாவின் கூலிங் கிளாஸும் ஒரு செயற்கைக்கோளும்

2024 ஜனவரி 1. புத்தாண்டுக்கு நெய்வேலி வந்திருந்தேன். லீவு என்று பெயர்தான். அம்மா வாசலில் கோலம் போட, நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். காலை 9.10-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட், எக்ஸ்போசாட் செயற்கைக்கோளோடு கிளம்பியது. 'நியூட்ரான் நட்சத்திரங்கள், கருந்துளைகளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களின் தளவிளைவை ஆராயும்' என்று மளமளவென்று தட்டி அனுப்பினேன்.

மொபைலில் அதைப் படித்த அப்பா, "தளவிளைவுன்னா என்னம்மா?" என்றார்.

எனக்கே தெரியாது. "அது சயின்ஸ்ப்பா" என்று நழுவிவிட்டேன்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பா போனை நேராகவும் படுக்கையாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கிய கூலிங் கிளாஸ்.

"என்னப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "போனைச் சாய்ச்சா கறுப்பாயிடுதும்மா. கண்ணு திரும்பக் கெட்டுப்போச்சோன்னு ரெண்டு வாரமா பயம். ரிடையராக இன்னும் எட்டு மாசம் இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதே."

கண்ணாடியை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். எனக்கும் கறுத்தது!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒளி ஓர் அலை. சாதாரண வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிரும். போன் திரையிலிருந்து வருவது ஒரே திசையில் அதிரும். அப்பாவின் கண்ணாடியும் ஒரு திசை அதிர்வைத்தான் உள்ளே விடும். இரண்டும் குறுக்காக நின்றால் இருட்டு. ஒரே திசையில் அதிர்வதுதான் தளவிளைவு.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது வெடித்துச் சிதறிய பெரிய நட்சத்திரத்தின் மிச்சம். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இங்கிருந்து பண்ருட்டி தூரம். அதற்குள் சூரியனைவிட அதிக நிறை! அதன் காந்தப்புலம் எப்படி இருக்கிறது, எக்ஸ் கதிர் எப்படிக் கிளம்புகிறது என்பதை அதிர்வின் திசை காட்டிக்கொடுக்கும்.

எக்ஸ் கதிரைக் கூலிங் கிளாஸால் பிரிக்க முடியாது. அதனால் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'போலிக்ஸ்' கருவியில் நடுவே பெரிலியம், சுற்றிலும் நான்கு உணர்கருவிகள். பெரிலியத்தில் பட்டுச் சிதறும் கதிர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று அவை எண்ணும். செயற்கைக்கோளும் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், அப்பா போனைத் திருப்பிய மாதிரி.

சொல்லி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அப்போ என் கண்ணு நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்குப்பா. ஆனாலும் அடுத்த செக்கப்புக்கு நானும் வர்றேன்."

ராத்திரியே அந்தச் செய்தியைத் திருத்தி எழுதினேன். காலையில் எழுந்து பார்த்தால், பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, போனைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார் அப்பா.