கம்பெனி வேறு, முதலாளி வேறு

ஜூ டவுனில் நுழைந்தால் இன்று பழம்பொருள் கடைகள்தான் கண்ணில் படுகின்றன. ஒரு காலத்தில் அவற்றில் பல, மிளகும் சுக்கும் மணந்த கிடங்குகள். போடிநாயக்கனூரிலிருந்து என் அப்பா இங்கே ஏலக்காய் அனுப்பினார். கடனுக்குத்தான். வாய்ச்சொல்லே பத்திரம்.

வாங்கியவர் பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனார். சில வருடங்களில் கம்பெனி நொடித்தது. பாக்கி கேட்டுப் போன அப்பாவுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "தர வேண்டியது கம்பெனி, நான் இல்லையே" என்றார்.

சட்டமும் அவர் பக்கம். 1896இல் சாலமன் என்ற காலணித் தயாரிப்பாளரின் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொன்னது இதுதான்: கம்பெனி தனி நபர், அதன் கடன் அதற்கே. இந்திய நீதிமன்றங்களும் அதையே பின்பற்றுகின்றன. மோசடி போன்ற காரணம் இருந்தால்தான் முதலாளியைத் தொட முடியும்.

ஆனால் அதே முதலாளியின் வீட்டை வங்கி ஏலம் விட்டது. காரணம், அவர் சொந்தப் பெயரில் போட்ட ஜாமீன் கையெழுத்து. வேறு நிபந்தனை இல்லாவிட்டால், கடன் பட்டவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. திவால் நடவடிக்கையில் கம்பெனியின் கடன் தீர்க்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபடமாட்டார் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வங்கி கையெழுத்துக் கேட்டது. அப்பா கேட்கவில்லை. சிநேகிதரிடம் கேட்பது அவமதிப்பு என்று நினைத்தார்.

இப்போது வியாபாரம் என் கையில். புதிய கம்பெனி சரக்குக் கேட்டால் ஜாமீன் தாளை நீட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் கை கூசுகிறது. ஆனாலும் நீட்டுகிறேன்.