பறக்கும் வீரனும் பாதுகாப்புக் கயிறும்



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பீமசேனன் வேடம் கட்டியவர் யார் என்று அன்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காலையில் தங்களோடு பால்மரம் சீவப் போனவர்தான். தலையில் கட்டைக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து ஆடிக்கொண்டே வருவார். “இத்தனை சுமையைத் தலையில் வைத்துக் கொண்டு ஒருவன் சண்டை போட முடியுமா?” என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் சபையில் பாஞ்சாலி கதறும்போது பாய் விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். கிரீடம் பொய். கண்ணீர் மெய்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் தொல்காப்பியம் படித்தபோது எனக்கு இது புரிந்தது. இலக்கியத்தில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டு உண்டு என்கிறார் தொல்காப்பியர். கற்பனையாக அமைத்துக் கொண்ட மரபு ஒன்று, உலகத்தில் உள்ளபடி நடப்பது மற்றொன்று. இரண்டும் கலந்ததுதான் புலவர்களின் நெறி. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் இந்த அளவுகோல், இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற சூப்பர் ஹீரோ கதைகளுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் எண்ணம். அந்த எண்ணம் எனக்கு வந்த இடம் சிங்கப்பூரில் உள்ள கிளமெண்டி.

பள்ளி விடுமுறையில் ஜொகூரிலிருந்து பேருந்து ஏறித் தங்கை வீட்டுக்குப் போவது என் வழக்கம். கிளமெண்டியில் வீவக அடுக்குமாடியில் அவர்கள் குடியிருக்கிறார்கள். பெருவிரைவு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடைத்தொகுதி, அதன் மேல்மாடியில் பொது நூலகம். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்கு எட்டு. நூலகத்திலிருந்து ஆளுக்கொரு கட்டு சித்திரக்கதைகளைச் சுமந்து வருவார்கள். வந்ததும் வாய்ச்சண்டை தொடங்கிவிடும்.

சின்னவளுக்குப் பழைய சூப்பர்மேன் போதும். 1938-இல் அமெரிக்காவில் பிறந்த அந்த வீரன் எந்த உயரத்திலிருந்து யார் விழுந்தாலும் பறந்து வந்து பிடித்துவிடுவான். 1978-இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய படத்திலும் அப்படித்தான். கட்டடத்தின் உச்சியில் தொங்கும் ஹெலிகாப்டரிலிருந்து கதாநாயகி விழுகிறாள். கீழேயிருந்து பறந்து வரும் சூப்பர்மேன் ஒரு கையால் அவளையும் மறு கையால் ஹெலிகாப்டரையும் தாங்கிக் கொள்கிறான். அவள் தலைமுடி கலைவதோடு சரி.

பெரியவனுக்கு இதைக் கேட்டாலே ஆத்திரம். “பெரியம்மா, இதெல்லாம் சுத்தப் பொய். நிஜத்தில் யாரும் வந்து பிடிக்க மாட்டாங்க” என்றான். சொன்ன வேகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான்.

அது 1973-இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் கதை. வீரனின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்தின் மேலிருந்து தள்ளிவிடப்படுகிறாள். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான், வலை அவள் காலைப் பற்றிக் கொள்கிறது. காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு மேலே இழுக்கிறான். அவள் இறந்து கிடக்கிறாள். கழுத்தருகே ஒரு சிறிய ஓசைச் சொல் மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. வேகமாக விழுந்தவளை வலை சட்டென்று நிறுத்திய அதிர்ச்சியே அவளைக் கொன்றது என்று பின்னர் பத்திரிகைத் தரப்பிலேயே விளக்கம் தந்தார்கள். அதுவரை அந்த வகைக் கதைகளில் இப்படி நடப்பதில்லை. வீரன் கைநீட்டினால் விழுந்தவர் பிழைத்தாக வேண்டும், அதுதான் மரபு. உலகியல் வழக்கு அன்று கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டது.

கணக்குப் பாருங்கள். 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடச் சுமார் 3 விநாடி ஆகும். அப்போது அவருடைய வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தை ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தினால், நிறுத்துவது தரையாக இருந்தால் என்ன, சூப்பர்மேனின் இரும்புக் கையாக இருந்தால் என்ன? ஜேம்ஸ் ககாலியோஸ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 2005-இல் சூப்பர் ஹீரோக்களின் இயற்பியலைப் பற்றி ஒரு நூலே எழுதி, இந்தப் பாலத்துக் காட்சியை அதில் ஆராய்ந்திருக்கிறார்.

“அப்படியானால் பெரியவன் சொல்வதுதானே சரி?” என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள், திரைப்படக்காரர்கள் செய்ததைப் பார்ப்போம். 2000-இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் சித்திரக்கதையின் பளிச்சென்ற உடைகளைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தோல் உடையை மாட்டினார்கள். நம்பும்படி இருக்க வேண்டுமாம். 2002-இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் இன்னொரு வேடிக்கை. கதையில் அந்தப் பையன் வலை வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக் கொள்வான். படத்தில் வலை அவன் உடம்பிலிருந்தே வந்தது. பள்ளி மாணவன் ஒருவன் அவ்வளவு வலிமையான பசையைக் கண்டுபிடிப்பது நம்ப முடியாததாம்! சிலந்தி கடித்துச் சுவரில் ஏறுவதை நம்பலாம், பசையை மட்டும் நம்பக் கூடாது. ரசிகர்கள் சண்டை போட்டார்கள். 2012-இல் வந்த படத்தில் கருவி திரும்பி வந்துவிட்டது. நிறத்தை மாற்றுவதும் கருவியை மாற்றுவதும் உலகியல் ஆகிவிடாது. பீமனின் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தொப்பி வைத்தால் கூத்து உண்மையாகிவிடுமா?

நம் தமிழ்ப் படக்கதைக்கே வருவோம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. 1962 முதல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் வந்த கதையின் தமிழ் வடிவம் அது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். அண்ணனின் தகரப் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த பிரதிகளை எடுத்துப் படித்த நாங்கள் யாரும், “உடம்பு மறைந்தால் சட்டை எப்படி மறையும்?” என்று கேட்கவில்லை. ஆனால் ஏதாவது ஒரு கதையில் கையும் மறைந்திருந்தால் புத்தகத்தை வீசியிருப்போம். அந்தக் கை தெரிவதுதான் கதையின் நாணயம். எத்தனை ஆற்றல் வந்தாலும் ஒரு குறை மிச்சம் இருக்கும் என்று கதை நமக்கு வாக்குக் கொடுத்திருந்தது. கதை தனக்கென்று எந்த விதியை வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். போட்ட விதியை வசதிக்காக மீறக் கூடாது.

இதை நான் பெரியவனிடம் சொல்லிக் கொண்டிருந்தபோது, முழங்காலில் பட்டை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை கணவர் பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தார். அவர் மேற்குப் பகுதியில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு சாரத்திலிருந்து தவறி விழுந்தார். கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டை அவரைத் தாங்கிக் கொண்டது, ஆனால் ஊசலாடிய வேகத்தில் முழங்கால் ஓர் இரும்புக் குழாயில் மோதிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ‘விழுவது’ என்ற சொல்லையே உரக்கச் சொல்வதில்லை. சின்னவள் இரவில் எழுந்து வந்து அப்பாவின் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம். பெரியவன் பறக்கும் வீரர்களை ஏன் இப்படித் திட்டுகிறான், சின்னவள் ஏன் அவர்களை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருவரும் படித்துக் கொண்டிருந்தது ஒரே கதையைத்தான்.

“அக்கா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டு வாங்கிப் பார்த்தார் அவர். பிறகு மகனைப் பக்கத்தில் அழைத்தார். “பட்டை பிடிச்சதால மட்டும் அப்பா பிழைக்கலடா. மெதுவாப் பிடிச்சதால பிழைச்சேன்” என்றார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். பாதுகாப்புக் கயிற்றோடு கைக்கடக்கமாக ஒரு சிறு பொட்டலம் இணைந்திருக்கும். அதற்குள் ஒரு பட்டையை மடித்து மடித்துத் தைத்து வைத்திருப்பார்கள். ஆள் விழுந்ததும் அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரியும். பட்டை நீண்டு கொண்டே போய் விழுந்தவரின் வேகத்தைச் சிறிது சிறிதாக விழுங்கும். அறுந்துவிடாமல் இருக்கும் கயிறு மட்டும் போதாதாம், உள்ளே கிழிவதற்கென்றே ஒரு பகுதி வேண்டுமாம். ஒரு தடவை விழுந்த பிறகு அந்தப் பட்டையை மறுபடி யாரும் கட்டக் கூடாது.

“அப்போ ஸ்பைடர்மேன் பிடிச்சது தப்பா?” என்றான் பெரியவன்.

“அவன் அவசரத்தில் பிடிச்சான். இதை யாரோ உட்கார்ந்து யோசிச்சுத் தைச்சிருக்காங்க.”

“யாருப்பா தைச்சாங்க?” என்று கேட்டாள் சின்னவள்.

“தெரியாதும்மா” என்றார் அவர்.

வாசகர்களே, இத்தனை காலம் இலக்கியம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, இதைவிடத் தெளிவாக இந்தப் பொருளை எவரும் விளக்கியதில்லை. விழுந்தவரை ஒருவர் பிடிப்பார் என்பது நாடக வழக்கு. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தூங்குவாள்? பிடிக்கும்போது எதுவோ கிழியும், எங்கோ வலிக்கும் என்பது உலகியல் வழக்கு. அது இல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பையன் எப்படி நம்புவான்? நல்ல கதை இரண்டையும் சேர்த்துத் தைக்கிறது.

அப்படித் தைத்த கதைகள் நம் பக்கத்திலும் உண்டு. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் ஓவியர் சோனி லியூ 2015-இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சாய்’ என்ற சித்திரநூல் 2017-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்றைப் பெற்றது. அதில் ஒரு சூப்பர் ஹீரோ வருகிறான். வீடு வீடாக மலவாளி எடுக்கும் தொழிலாளி அவன், கரப்பான்பூச்சி கடித்து ஆற்றல் பெறுகிறான். பூச்சி கடித்து வீரனாவது பழைய மரபுதான். ஆனால் அந்த வாளி சிங்கப்பூரில் 1987 வரை உண்மையாகவே இருந்தது. தமிழில் 2023-இல் வந்த மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ படத்தில் சிவகார்த்திகேயன் ஒரு செய்தித்தாளுக்குப் படக்கதை வரையும் பயந்த இளைஞனாக வருகிறார். அவர் காதில் ஒலிக்கும் குரல் முழுக் கற்பனை. ஆனால் அவர் குடும்பம் குடியேறும் அடுக்குமாடியின் சுவர் உதிர்வது கற்பனை என்று எந்த ஏழைக் குடும்பமும் சொல்லாது. இந்தக் கதைகளில் வீரன் பொய்யாக இருக்கலாம். அவன் யாருக்காக வந்தானோ அவர்களுடைய துன்பம் பொய்யில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சூப்பர் ஹீரோ புத்தகத்தோடு உட்கார்ந்தால், “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று பறிக்காதீர்கள். நடக்காது என்பது அதற்கே தெரியும். துண்டைக் கழுத்தில் கட்டிக் கொண்டு சுவரிலிருந்து குதிக்கக் கூடாது, மின்கம்பியைத் தொடக் கூடாது என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள், அது வேறு. அதன் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வீரனால் செய்ய முடியாதது எது? அவன் ஜெயித்தபோது யாருக்கு அடிபட்டது? அடிபட்டவரை யார் பார்த்துக் கொண்டார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான கதைகளில் பதில் இருக்காது. தங்கை வீட்டில் அதற்குப் பதில் இருந்தது. காலையில் மருந்து தடவிக் கொடுப்பவள் என் தங்கை. மாலையில் கையைப் பிடித்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கப் பழக்குபவன் பெரியவன். ஒவ்வொரு நாளும் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணிப் பள்ளி நோட்டில் எழுதி வைப்பவள் சின்னவள்.