பழைய ஆட்டமும் பாடபேதமும்

ஏட்டுச் சுவடிகளுக்குச் செல்லும் நெருப்பும் வெள்ளமும் பகை. கணிப்பொறி ஆட்டங்களுக்கு வரும் கேடோ வேறு வகைத்து. குறுந்தட்டிற் கீறலொன்றும் இராது. அதிற் பொதிந்த எழுத்தொன்றும் அழிந்திராது. அதனைப் படிக்கும் பொறி மட்டும் மாறிப்போயிருக்கும். ஏடு முழுமையாயிருக்க, அம்மொழியறிந்தார் ஒருவரும் இல்லாதொழிந்தாற் போல்வது இது.

இதனை யாம் ஆராயப் புகுந்தது சென்ற கோடை விடுமுறையில், கடையத்தில், எம் சிற்றப்பாவின் இல்லத்திலே. மஸ்கட்டிற் பணியாற்றிய அவர் மூன்றாண்டுகட்கு முன்னர்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் விட்டுச்சென்ற மடிக்கணினி உயிர்பெறவில்லை. அதன் வன்தட்டு மட்டும் பிழைத்தது. ‘ஃபால்அவுட் 3’ என்னும் ஆட்டத்தை அவர் ஆடி நிறுத்திய சேமிப்புகள் அதனுள் இருந்தன. அவர் மகன் எம்மினும் ஓராண்டு இளையன். “அண்ணே, அப்பா எதுவரை போயிருந்தார்கள் என்று பார்க்கவேண்டும்” என்றான். சேமிப்பு இருந்து பயனென்? ஆட்டம் இயங்கினாலன்றோ அது திறக்கும்!

அவ்வாட்டம் 2008 அக்டோபரிற் பெதஸ்டா நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. அணுப்போராற் பாழான வாஷிங்டன் நகரில், பிரிந்துபோன தந்தையைப் பிள்ளை தேடிச் செல்வதே கதை. பாழ்நிலத்தார்க்கு நன்னீர் வழங்குவதே அத்தந்தையின் பெருவிருப்பம். இறந்துபோன தாய் போற்றிய வேதவசனம் வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனம். அவ்வெண்களே முடிவில் நீர்ப்பொறியை இயக்கும் திறவுகோலாகின்றன. வெறுஞ் சுடுகருவி ஆட்டமென்று இகழ்வோர் இதனை அறிந்திலர்.

நிற்க. அதன் தட்டுப் பதிப்பு மைக்ரோசாப்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்னும் சேவையோடு பிணைக்கப்பட்டது. அச்சேவையின் கடை 2013 ஆகஸ்டில் மூடப்பெற்றது. விண்டோஸ் 10 முதலியவற்றில் அச்சேவைக்குரிய கோப்பு இயல்பாக இல்லை. ஆட்டம் அதனைத் தேடிக் காணாது, தொடங்குமுன்னரே நின்றுவிடும்.

இணையக் கடைகளில் இவ்வாட்டம் இன்னும் வாழ்கின்றது. ஆயின் கடைதோறும் ஒரே ஆட்டமன்று. ஸ்டீம் கடையில் 2008 முதல் விற்ற பிரதியிலும் அப்பிணைப்பு இருந்தது. விண்டோஸ் 7-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் இது ஏற்பச் செய்யப்பட்டதன்று என்னும் எச்சரிக்கை அக்கடைப் பக்கத்திலேயே காணப்பட்டது. பிணைப்பு நீங்கியது 2021 அக்டோபரிலேதான். போலந்து நாட்டு ஜி.ஓ.ஜி. கடையோ பழைய ஆட்டங்களுக்கென்றே 2008-இல் தோன்றியது. அது 2017-இல் இவ்வாட்டத்தை ஏற்றபோதே அப்பிணைப்பின்றி, பூட்டுமின்றி விற்றது. எபிக் கடை 2022 அக்டோபரில் இதனை இலவசமாகவும் வழங்கிற்று.

எம் பாடத்திட்டத்தில் இதற்குப் பெயருண்டு: பாடபேதம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடந்தெளிந்தார். ஆட்டம் வாங்குவோனும் அவ்வாறே எப்பிரதி எங்ஙனம் திருத்தப்பட்டதென்று நோக்கல் வேண்டும். திருத்தமும் சில வேளை தீங்காகும். 2021-இல் ஸ்டீம் பிரதியின் மூலக்கோப்பு மாறியவுடன், பழைய கோப்பினையே நம்பி ஆர்வலர் இயற்றிய துணைக்கருவி இயங்காது நின்றது. அதன்பொருட்டுப் பழைய கோப்பிற்கே திரும்புவாரும் உளர். பதிப்பாசிரியர் திருத்த, உரையாசிரியர் திகைத்த கதை!

யாம் ஜி.ஓ.ஜி. பிரதியை வாங்கினோம். இருவேலை எஞ்சின. பல உட்கருக்களையுடைய இக்காலச் செயலிகளில் இவ்வாட்டம் இடையிடையே உறைந்து நிற்குமென்பது பலரும் அறிந்தது. அமைப்புக் கோப்பில் இரண்டு உட்கருக்களே போதுமென எழுதுதல் அதற்கு மருந்து. மற்றொன்று சேமிப்பு. பழைய சேவை, ஆடுவோர் பெயரால் ஓர் உள்ளுறையமைத்து அதனுள்ளே சேமிப்புகளை வைத்தது. பிணைப்பற்ற பிரதியோ வெளியுறையை மட்டுமே நோக்கும். கோப்புகளை ஒருபடி வெளியே எடுத்து வைத்தோம். அவ்வளவே.

பட்டியல் தோன்றிற்று. சிற்றப்பாவின் பெயர், நிலை 14, ஆடிய காலம் 61 மணி. இடம் ஜெபர்சன் நினைவகம். தந்தையின் குரற்பதிவுகளைக் கேட்டாயிற்று. தந்தையை இன்னுங் கண்டிலர். மூட்டையைத் திறந்து பார்த்தோம். தோட்டாக்கள் சிலவே, நன்னீர்ப் போத்தல்களோ 74! அவற்றின் எடையால் வேறொன்றும் எடுக்க இடமில்லை.

“இவற்றை விற்றிருக்கலாமே” என்றான் தம்பி. வாயிலில் நின்ற சிற்றன்னை, “ராமநதி வறண்ட கோடையிலே குடந்தூக்கி நடந்தவர்கள், தண்ணீரையா விற்பார்கள்?” என்றார்.

மறுநாள் அவனே ஆட்டத்தைத் தொடர்ந்தான். தந்தையின் சேமிப்பின்மேல் எழுதாது, புதியதோர் இடத்திற் சேமித்துக்கொண்டான். பாதாள அறையொன்றிற் கதையின் தந்தையைக் கண்டும் விட்டான். போத்தல்கள் 74-உம் அவன் மூட்டையில் இன்னும் அப்படியே உள்ளன.