ஓர் ஆறு, இரண்டு மேசை

பொன்பாடி சோதனைச்சாவடி. காலை ஏழு மணி. சென்னை – திருப்பதி சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காவலர் ஒருவர் தார்ப்பாயின் மூலையைத் தூக்குகிறார். உள்ளே மாங்காய். தார்ப்பாய் விழுகிறது. அடுத்த லாரி.

ஒரு காரின் டிக்கி திறக்கிறது. அரிசிப் பை ஒன்றின் வாயை அவிழ்த்து முகர்கிறார்கள். ரேஷன் அரிசியா, கடை அரிசியா? பை மறுபடி கட்டப்படுகிறது. டிக்கி மூடுகிறது. ஓட்டுநர் தெலுங்கில் நன்றி சொல்கிறார். காவலர் தமிழில் தலையசைக்கிறார்.

சாவடிக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். அரக்கோணத்திலிருந்து வரும் பாதையில் பொன்பாடி நிலையத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த நிலையம் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. பெயரைப் படித்து முடிப்பதற்குள் எக்ஸ்பிரஸ் நிலையத்தைத் தாண்டிவிடுகிறது.

சாவடிப் பக்கமே வராமல் ஓர் ஆறும் எல்லையைக் கடக்கிறது. அந்தப் பக்கம் அதற்குக் குசஸ்தலி என்று பெயர். இந்தப் பக்கம் கொசஸ்தலை. அதன்மேல் தார்ப்பாய் இல்லை. தூக்கிப் பார்க்க ஆளும் இல்லை.

பாலத்துக்குக் கீழே ஒரு ஜீப். கதவில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர். இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் கையில் ஐஸ் பெட்டி. இன்னொருவர் கையில் கயிறு கட்டிய வாளி. பேண்ட் முழங்கால்வரை மடிக்கப்படுகிறது. செருப்புகள் மணலில் காத்திருக்கின்றன.

மணல் அதிகம். தண்ணீர் கொஞ்சம். ஓரத்தில் நாணல். நாணலில் சிக்கிய பாலிதீன் பை. பையில் தெலுங்கு எழுத்து. அதன்மேல் இன்னொரு பை. அதில் தமிழ்.

முந்நூறு மில்லி கண்ணாடி சீசா. மூடியும் கண்ணாடி. காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். சாய்த்து முக்குகிறார். ஒரு குமிழி ஏறுகிறது. கொட்டிவிட்டு மறுபடி முக்குகிறார். மறுபடியும் குமிழி. மறுபடியும் கொட்டுகிறார். மூன்றாவது தடவை மூடி விழுகிறது.

பிப்பெட்டில் இரண்டு கரைசல்கள் இறங்குகின்றன. முதலில் மாங்கனீஸ் சல்ஃபேட். பிறகு காரம் சேர்ந்த அயோடைடு. சீசா தலைகீழாகப் புரள்கிறது. உள்ளே வீழ்படிவு திரள்கிறது. ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் அந்த வீழ்படிவு பழுப்பு. இல்லாத தண்ணீரில் வெள்ளை. சீசாவை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் எழுதுகிறார்.

ஆடு மேய்க்கும் பெரியவர் கரையில் குந்தியிருக்கிறார்.

“எதுக்கு சார் இத்தினி சீசா?”

“டெஸ்டுக்குப் பெரியவரே.”

“போன தபாவும் எடுத்தும் போனீங்களே. என்னாச்சு?”

“மேல அனுப்பியாச்சு.”

பெரியவர் மேலே பார்க்கிறார். தூரத்தில் திருத்தணி மலை.

சீசாவில் சீட்டு ஒட்டப்படுகிறது. இடம், தேதி, நேரம், கையொப்பம். ஆலைக்குள் போய்ச் சட்டப்படி எடுத்தால் சடங்கு நீளம். அங்கேயே அறிவிப்பு தர வேண்டும். உரிமையாளர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் முத்திரை, இரண்டு தரப்புக் கையொப்பம். ஆற்றங்கரையில் அந்தத் தொல்லை இல்லை. ஆற்றின் சார்பில் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை.

ஜீப் கிளம்புகிறது. ஆடுகள் தண்ணீரில் வாய் வைக்கின்றன.

திருத்தணி மலைக்கு 365 படி. ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31-இல் படிக்குப் படி பாடிக்கொண்டு ஏறுவார்கள். இன்றைக்குப் பாட்டு இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

பாதியில் தேங்காய்க்காரி. “ரெண்டு நாப்பது” என்கிறாள். அடுத்த குடும்பத்திடம் “ரெண்டு நலபை” என்கிறாள். இரண்டு குடும்பமும் பேரம் பேசுகின்றன. விலை இரண்டு மொழியிலும் இறங்க மறுக்கிறது.

சரவணப் பொய்கை. மொட்டைத் தலைகளில் சந்தனம். எந்தத் தலை எந்த மாநிலம் என்று கண்டுபிடிக்க வழியில்லை. படிக்கட்டில் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள். சோப்பு போடக் கூடாது என்று ஒரு பலகை. பலகையின்மேல் ஈரத் துண்டு காய்கிறது.

1953-இல் ஆந்திரா தனி மாநிலமானபோது இந்த மலை அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைக் கிளர்ச்சி நடத்தினார். மத்தியஸ்தம் பேச வந்த படாஸ்கர் எல்லையைக் கிராமம் கிராமமாகப் பார்த்தார். எந்த ஊரில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆற்றிடம் யாரும் மொழி கேட்கவில்லை.

அடிவாரத்தில் டீக்கடை. ஐஸ் பெட்டி பெஞ்சுக்குக் கீழே நிழலில் இருக்கிறது. ஜீப்காரர்கள் மசால் வடை பிய்க்கிறார்கள். சுவரில் தலைப்பாகையோடு சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-இல் இந்த ஊரில் பிறந்தவர். துணைவேந்தர், பல்கலைக்கழகக் கல்விக் குழுத் தலைவர், மாநிலங்களவைத் தலைவர், குடியரசுத் தலைவர். தலைமை நாற்காலிகள் திருத்தணிக்குப் புதிதல்ல. படத்தில் போன செப்டம்பர் 5-ஆம் தேதி போட்ட மாலை. நார் மட்டும் மிச்சம்.

ஐஸ் உருகுவதற்குள் ஆய்வகம் போக வேண்டும். டீ பாதியில் நிற்கிறது.

ஆய்வகத்தில் ஒரு சீசா உடனே சொட்டுச் சொட்டாக அளக்கப்படுகிறது. இன்னொரு சீசா 27 டிகிரி வெப்பத்தில் இருட்டுக்குள் போகிறது. மூன்று நாள். நுண்ணுயிர்கள் அதற்குள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்க்கப்படும். ஆற்றில் விடும் ஆலைக் கழிவுக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். மனிதர் குளிக்கும் தண்ணீருக்கு 3.

மூன்றாம் நாள் கதவு திறக்கிறது. சீசாக்கள் காலியாகின்றன. கழுவிக் கவிழ்க்கப்படுகின்றன. ஆறு இப்போது ஓர் எண். எண் கோப்புக்குள் இருக்கிறது. கோப்பு மேசைக்கு மேசை நகர்கிறது.

கோப்புகளுக்குப் பக்கத்தில் ஆலைகளின் பட்டியல். மாசுக்குத் தக்கபடி நிறம். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. சாயப்பட்டறை சிவப்பு. இசைவாணை விண்ணப்பத்துக்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. நான்கு மாதத்துக்குள் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் கொடுத்ததாகவே பொருள். மேசையில் கிடப்பதும் ஒரு முடிவு.

கடைசி மேசை கிண்டியில் இருக்கிறது. அண்ணா சாலை, எண் 76. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1982 பிப்ரவரி 27-இல் அமைந்தது. அந்த மேசையைச் சுற்றி எத்தனை நாற்காலி, யாருக்கு எது என்று 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுச் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது.

அரசு அதிகாரிகளுக்கு ஐந்து நாற்காலிவரை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஐந்துவரை. விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றுவரை. அரசு நிறுவனங்களுக்கு இரண்டு. உறுப்பினர் செயலருக்கு ஒன்று. தலைவருக்கு ஒன்று. கூட்டினால் பதினேழு. குளிப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் தனி நாற்காலி குறிக்கப்படவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து, தக்க காரணமில்லாமல் வராதவரின் நாற்காலி காலியானதாகிவிடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் செய்து விற்கும் நிறுவனத்தில் பங்கு உள்ளவர் உட்காரக் கூடாது. கழிவைத் தடுப்பது மட்டும் வாரியத்தின் வேலையல்ல. நீர் மாசு பற்றி ஆராய்ச்சி நடத்துவதும், நடத்துவோரை ஊக்குவிப்பதும் கடமைப் பட்டியலில் இருக்கின்றன.

உறுப்பினர் செயலர் முழுநேரம் இருக்க வேண்டும். மாசுத் தடுப்பின் அறிவியலோ பொறியியலோ நிர்வாகமோ தெரிந்திருக்க வேண்டும்.

தலைவர் நாற்காலிக்கு இரண்டு வாசல். சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனி அறிவோ நேரடி அனுபவமோ உள்ளவர் ஒரு வாசலில் நுழையலாம். அப்படிப்பட்ட நிறுவனங்களை நிர்வகித்த அனுபவசாலி இன்னொரு வாசலில் நுழையலாம். முழுநேரமாகவும் இருக்கலாம், பகுதிநேரமாகவும் இருக்கலாம். மாநில அரசு பார்த்துச் செய்யும்.

நாட்டின் பல வாரியங்களில் இந்த இரண்டு வாசலிலும் வராதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு. 2017 செப்டம்பர் 22-இல் தீர்ப்பு. நியமனத்துக்குத் தகுதி விதிகளை ஆறு மாதத்துக்குள் எழுதுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. சட்டம் பிறந்து அப்போது 43 ஆண்டு.

திருத்தணி பேருந்து நிலையம். பிற்பகல். சோளிங்கர் வண்டி உறுமுகிறது. ஒரு பெண் மஞ்சப்பையை ஜன்னல் வழியாக இருக்கையில் போட்டு இடம் பிடிக்கிறாள். பையில் எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும்.

சோளிங்கரைத் தாண்டி மேலும் போனால் ராணிப்பேட்டை. அங்கே குரோமியம் உப்புகள் செய்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் நின்றது. ஆலையை நடத்தியவர்கள் போய்விட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குமேல் குரோமியக் கழிவு குவியலாக நின்றுவிட்டது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிகிறது. 2006-இல் அமெரிக்க அமைப்பு ஒன்று உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

வாரியம் அமைந்தது 1982. ஆலை நின்றது அதற்குப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து. இடைப்பட்ட ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று சட்டம் சொல்கிறது.

அதே வட்டாரத்துத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். குவியல் பற்றிய கோப்பு வேறு.

சோளிங்கர் வண்டி புறப்படுகிறது. அதே இடத்தில் நகரி வண்டி வந்து நிற்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில் தறிகள். இந்தப் பக்கம், பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிகள். இரு பக்கமும் ஒரே தாளம். நூல் அந்தப் பக்கம் போகிறது. துணி இந்தப் பக்கம் வருகிறது. நகரிப் பக்கத்துச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலக்கிறது என்பது இந்தப் பக்கத்துப் பழைய புகார். புகார் மனு திருவள்ளூருக்குப் போகிறது. திருவள்ளூரிலிருந்து கிண்டிக்கு. கிண்டியின் அதிகாரம் பொன்பாடியோடு முடிகிறது.

அந்தப் பக்கத்து மேசை விஜயவாடாவில். ஆந்திரப் பிரதேச மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1976-இல் அமைந்தது. அதே சட்டம். அதே எண்ணிக்கை நாற்காலிகள். அதே 30 மில்லிகிராம். அங்கேயும் ஒரு தலைவர்.

ஆறு கீழே போகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1944-இல் கட்டி முடித்தது. சென்னை மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். கிண்டியும் சென்னையில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் மட்டும் இரண்டு மாநிலமும் உடனே பேசிக்கொள்கின்றன. சித்தூர் பக்கமிருந்து திருவள்ளூருக்குத் தகவல் வருகிறது. பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டங்களில் கரையோர ஊர்களுக்குத் தண்டோரா போகிறது. தரைப்பாலத்தில் தடுப்புக் கட்டை விழுகிறது. எவ்வளவு கன அடி என்று மணிக்கு மணி சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது அந்த அறிவிப்பில் வருவதில்லை.

இப்படி ஓர் ஆறு வரும் என்று 1974-இலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அடுத்தடுத்த மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரே வாரியத்தை அமைத்துக்கொள்ளலாம். 14-ஆம் பிரிவு அந்த மேசைக்கும் நாற்காலி போட்டுவைத்திருக்கிறது. மாநிலத்துக்கு இரண்டு அதிகாரிகள். உள்ளாட்சியிலிருந்து மாநிலத்துக்கு ஒருவர். தலைவரை மத்திய அரசு நியமிக்கும். அவர் பகுதிநேரமாக இருக்க முடியாது.

அந்தப் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. கொசஸ்தலைக்கு அப்படி ஒரு வாரியம் இன்றுவரை இல்லை.