முதலில் ஓடி வரும் டாக்டர்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்ட பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 70 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் நடப்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. திருத்தங்கல், சிவகாசி பக்கம் அந்த நேரத்தில் கை கொடுப்பவர் பெரும்பாலும் தீக்காய நிபுணர் அல்ல. காலையில் சளிக்கும் சுகருக்கும் மாத்திரை எழுதிய எம்.பி.பி.எஸ். டாக்டர்தான்.

அலுமினியப் பவுடர் அப்பிய கையைத் துடைத்து, ஊசி ஏற்ற ரத்தநாளத்தைத் தேட வேண்டும். விரல் வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். குரல் கம்மினால், தொண்டை அடைபடும் முன் குழாய் செருக வேண்டும். டிரிப்ஸ் அளவுக்கு, கிலோவில் எடை, உடல் வெந்த சதவீதம், 4 மில்லி: மூன்றையும் பெருக்க வேண்டும். 50 கிலோ பெண்ணுக்கு 40 சதவீதக் காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கு 8 லிட்டர் டிரிப்ஸ். அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். நோயாளி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. பலர் தவறுவது இங்கேதான்.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனி எம்.டி. படிப்பாக அங்கீகாரம் பெற்றதே 2009-ல்தான். அந்த நிபுணர்களை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அதனால் இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு பொது மருத்துவருக்கும் ஆண்டுதோறும், தீபாவளிப் பட்டாசு வேலை சூடுபிடிக்கும் முன்பே, தீக்காயப் பயிற்சி கொடுங்கள்.