அலுவிகாரையில் ஒரு கேபிள் வேலை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், அலுவிகாரை குகை விகாரையைத் தாண்டி ஒரு பக்க ரோட்டில் இருக்கிறது அந்த கராஜ். தகரக் கூரை, எண்ணெய் ஊறிய சீமெந்துத் தரை. நான் போனபோது உள்ளே நின்றது பழைய டொயோட்டா கொரோலா, ஓட்டோ கியர். ‘பி’யில் (பார்க்) போட்டால் சில நேரம் ஸ்டார்ட் ஆகாது, ‘என்’னில் (நியூட்ரல்) ஆகும். வாசல் சரிவில் கார் மெல்ல நகர்வதாகவும் சொந்தக்காரர் சொன்னார். கராஜ் பாஸ் சட்டென்று நிமிர்ந்தார். “இதை வச்சிக்கிட்டா ஐயா இவ்வளவு நாளும் ஓடினீங்க?”

கியர் லீவரையும் கியர்பெட்டியையும் இணைப்பது உறைக்குள் ஓடும் ஒரு கேபிள்தான். அதன் நட் தளர்ந்தாலோ, முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்தாலோ மேலே ‘பி’ என்றிருக்கும். கீழே பெட்டி ‘பி’க்கும் ‘ஆர்’க்கும் (ரிவர்ஸ்) நடுவே நிற்கும். ‘பி’யில் காரைப் பிடித்து நிறுத்துவது பெட்டிக்குள் பற்சக்கரத்தில் விழும் ஒரு கொக்கி. நடுவே நின்றால் அது விழாது. 2022 ஜூனில் ஃபோர்ட் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது இப்படிப்பட்ட ஒரு கேபிள் புஷ்ஷுக்காகத்தான்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு பாஸ் குனிந்தார். புஷ் நன்றாகத்தான் இருந்தது. நட்டைத் தளர்த்தி, பெட்டியின் பக்கத்திலுள்ள சின்ன லீவரை ‘பி’ முனை வரை தள்ளினார். அங்கிருந்து இரண்டு தட்டு திருப்பினார்: ‘ஆர்’, ‘என்’. அவர் கண் அந்தப் பக்கமே இல்லை. விரலில் படும் அந்தத் தட்டுத்தான் கணக்கு. சீட்டில் இருந்த பையன் மேல் லீவரை ‘என்’னில் வைத்து, ‘ஆர்’ பக்கமாக இலேசாக அழுத்திப் பிடித்திருந்தான். “விட்றாத தம்பி!” இந்த அழுத்தத்தில்தான் கேபிளின் தொய்வு போகிறது. கீழ் லீவர் மயிரிழையும் அசையாமல் ஒரு கையால் பிடித்து, மறு கையால் நட்டை இறுக்கினார்.

பிறகு சோதனை. ‘பி’யிலும் ‘என்’னிலும் மட்டும் ஸ்டார்ட், ‘ஆர்’ போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு. கடைசியாகச் சரிவில் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, மிதி பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். கார் நின்றது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் நாட்டின் பழைய கார்களை ஓடவைத்தவை இப்படிப்பட்ட கைகள். “வேலை பழகினவன் எல்லாம் கட்டார், டுபாய் போயிட்டான்” என்றார் பாஸ். இந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி, என் கணக்கில், மிகக் குறைவு.

மலைப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் ‘பி’. லீவர் ஒரு எழுத்தும் டேஷ்போர்ட் இன்னோர் எழுத்தும் காட்டினால் அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.