வியாபாரத்துக்காகக் கொடுத்த வாக்கு

பேச்சுச் சுதந்திரம் என்னும் பாக்கியத்தைப் பெற்ற ஜனங்கள் பெரும்பாலும் அதை வேண்டி ஊர்வலம் போயிருக்கிறார்கள், சிறைக்குப் போயிருக்கிறார்கள், சிலர் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள்; மலேசியாவில் இணையத்துக்கு வாய்த்த சுதந்திரமோ அப்படிப்பட்ட தியாகம் எதுவும் இல்லாமல், அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு விரித்த ரத்தினக் கம்பளத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. 1996ஆம் ஆண்டில், டாக்டர் மகாதீர் முகமது பிரதமராக இருந்தபோது, மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கிய அரசாங்கம், உலகத்தின் பெரிய கணினி நிறுவனங்களை இங்கே அழைத்துவரும் பொருட்டுப் பத்து உத்தரவாதங்களை எழுதிக் கொடுத்தது. வரிச் சலுகை, வெளிநாட்டு நிபுணர்களைத் தடையின்றி நியமிக்கும் உரிமை முதலியவற்றுக்கு நடுவே, இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்ற உறுதிமொழி ஏழாவதாக நின்றது. இரண்டு வருஷம் கழித்து இயற்றப்பட்ட தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும், 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவாக, இச்சட்டத்தின் எந்தப் பகுதியும் இணையத்தைத் தணிக்கை செய்ய இடம் கொடுப்பதாகக் கொள்ளலாகாது என்ற கருத்து ஏறிவிட்டது.

அதே காலத்தில் அச்சேறிய காகிதத்தின் கதி என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் விசித்திரம் விளங்கும். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையும் உள்துறை அமைச்சரின் உரிமத்தின் பேரில் உயிர் வாழ்ந்தது. அந்த உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012இல்தான் நீங்கியது. 1987இல் ‘ஓப்பராசி லாலாங்’ என்ற கைது வேட்டை நடந்தபோது ஸ்டார், வாத்தான், சின் சியூ ஜிட் போ ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமங்கள் ஒரே வீச்சில் பறிக்கப்பட்டன. வெள்ளைக்காரன் 1948இல் இயற்றி விட்டுச் சென்ற தேச நிந்தனைச் சட்டமோ இன்றுவரை அலமாரியில் அலுங்காமல் இருக்கிறது. ஆகவே, ஒரே மனிதன் ஒரே வாக்கியத்தைக் காகிதத்தில் வெளியிட்டால் அதற்கு அமைச்சரின் அனுமதி வேண்டும், கணினித் திரையில் வெளியிட்டால் வேண்டாம் என்ற நிலைமை உண்டாயிற்று. அந்தச் சந்தில் நுழைந்து பிறந்ததுதான் 1999 நவம்பர் 20ஆம் தேதி ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் தொடங்கிய மலேசியாகினி.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சந்து எத்துணை முக்கியமாயிருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஜொகூர் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்ட அதே 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும், தோட்டத்து லயங்களில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் விதமாக நமக்கு உலகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவை. அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பிற்காலத்தில் தமிழ் நேசன் ஆளுங்கூட்டணிக் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தார் கைக்குப் போன பிறகு, ஆளுங்கூட்டணியின் மனம் கோணக்கூடிய செய்திக்கு அதில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2007 நவம்பர் 25ஆம் தேதி, இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டபோது, அந்த அழைப்பு ஊர் ஊராகப் பரவியது பெரும்பாலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் மின்னஞ்சலாலும், கோயில் வாசல்களில் வாய்மொழியாலும்தான். அடுத்த மார்ச் மாதத் தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அயல்நாட்டு முதலாளிகளுக்காக எழுதப்பட்ட ஒரு வரி, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளின் வாயைத் திறந்துவிடும் என்று 1996இல் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுத்து வேண்டுமே! அந்த விஷயத்திலும் கடற்பாலத்தின் இரு புறங்களும் தமிழுக்குச் செய்த ஊழியம் பெரிது. சிங்கப்பூரில் ஆசிரியராகவும் சிறுகதை ஆசிரியராகவும் இருந்த நா. கோவிந்தசாமி, தமிழ்ப் பக்கங்கள் இணையத்தில் ஏறுவதற்கு 1995லேயே வழி செய்தார். 1999 மே மாதத்தில் காலமாகிவிட்டமையால், தம் உழைப்பு எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டுதான் என் தலைமுறையினர் பலர் முதன்முதலாகத் தமிழில் மின்னஞ்சல் எழுதினோம்; 2005இல் அவர் வெளியிட்ட செல்லினம் தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுசென்றது. பேச்சுரிமையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் நீதிபதிகளின் பெயர்களையும் அரசியல்வாதிகளின் பெயர்களையும் எழுதிவிட்டு, விசைப்பலகை செய்தவனை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வியாபாரத்துக்காகக் கொடுத்த வாக்கு வியாபாரத்தின் அளவுக்குத்தான் நிலைக்கும் என்பதைப் பின்னாளில் நடந்தவை காட்டுகின்றன. 2003 ஜனவரியில் போலீசார் மலேசியாகினியின் அலுவலகத்துக்குள் புகுந்து கணினிகளைத் தூக்கிச் சென்றார்கள். 2008 ஆகஸ்டில், ராஜா பெத்ராவின் மலேசியா டுடே தளம் ஏறக்குறைய இரண்டு வாரம் தடுத்து வைக்கப்பட்டது. 2015இல் சரவாக் ரிப்போர்ட் தளத்துக்கும் தடை வந்தது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய அபிப்பிராயங்களுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அந்தத் தொகை முழுவதையும் ஜனங்கள் சில மணி நேரத்துக்குள் நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை அந்தச் செய்தியைப் படித்தபோது இந்த நாட்டின்மீது எனக்கு உண்டான மதிப்பு, அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உயரத்துக்குச் சென்றதில்லை.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை அதிகமாக உறுத்தியது 2024 செப்டம்பரில் நடந்த, பலருடைய கவனத்துக்கு வராமலே போன, ஒரு சிறு சம்பவம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்ல எங்கோ ஒரு யந்திரம் வேண்டும். தத்தம் சேவை நிறுவனத்தின் யந்திரத்தை விட்டுவிட்டுக் கூகிள், கிளவுட்ஃபிளேர் ஆகியவற்றின் பொதுச் சேவையைக் கேட்டறிவது விஷயம் தெரிந்தவர்களின் வழக்கம். அவ்விதம் வெளியே போகும் கேள்விகளையெல்லாம் வழியிலேயே மடக்கி, உள்நாட்டு யந்திரங்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்டத் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் தடுப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்கு வரும் கடிதங்கள் யாவும் முதலில் ஆபீஸ் கிராணியின் மேசைக்குப் போய், அவர் பார்த்து எடுத்துக் கொடுத்த பிறகே உரியவர் கைக்கு வரும். கிராணி நல்லவராகவே இருக்கலாம், ஒரு கடிதத்தையும் பிரிக்காதவராகவும் இருக்கலாம், ஆயினும் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்ற நினைவே, தொழிற்சங்கத்துக்கு எழுத நினைத்த பலரை எழுதவிடாமல் செய்தது. செப்டம்பர் உத்தரவும் அந்த மேசையைத்தான் நாடு முழுவதற்கும் போட முயன்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் சில நாட்களிலேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்பதை நியாயமாக இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தடைகளைக் கண்ணால் பார்க்கலாம். எண்ணிக் கணக்கும் வைக்கலாம். சட்டத்திலுள்ள தெளிவற்ற சொல் செய்யும் வேலைக்கு அப்படிக் கணக்கு இல்லை. மேற்சொன்ன 1998ஆம் ஆண்டுச் சட்டமே, ஒரு கையால் தணிக்கை இல்லை என்று கொடுத்துவிட்டு, 233ஆம் பிரிவு என்ற மறு கையால், மற்றவருக்கு எரிச்சல் ஊட்டும் நோக்கத்துடன் மனத்தைப் புண்படுத்தும் செய்தியை அனுப்புவது குற்றம் என்று வைத்திருந்தது. எரிச்சல் என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? குடிநுழைவுத் தடுப்பு முகாமில் அகதிகள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி 2020இல் ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஹெய்டி குவா என்ற சமூக சேவகி மறு ஆண்டு இந்தப் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில், ‘எரிச்சல்’, ‘புண்படுத்தும்’ என்ற அந்த இரண்டு சொற்களும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குள் நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தி, ‘மிகையாக’ என்றொரு அடைமொழியைச் சேர்த்து, அபராதத்தின் உச்சவரம்பை 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்த்திவிட்டது. அந்த அடைமொழியால் குடிமகனுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. அபராதம் பத்து மடங்கானது மட்டும் நன்றாக எட்டுகிறது.

ஆனால் சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, 2024 ஜூலை 5ஆம் தேதியைப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட தமிழ்ப்பெண், தம்மீது இணையத்தில் பொழியப்பட்ட வசையையும் மிரட்டலையும் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த மறுநாள், உயிரை மாய்த்துக்கொண்டார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் நம் சமூகத்தவர்களே. ஒருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை வெறும் 100 ரிங்கிட் அபராதம். அந்த நூறு ரிங்கிட்டைக் கண்டு நாடே கொதித்ததன் பலனாகத் தண்டனைச் சட்டத்தில் இணையத் துன்புறுத்தலுக்கென்று புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. ஒருவரை மிரட்டுவதையும், ஒருவருடைய அந்தரங்க விவரங்களை அம்பலப்படுத்துவதையும் குற்றம் என்று பெயர் சொல்லிக் குறிக்கும் இத்தகைய சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். இதைக் காட்டி, அரசாங்கத்தைக் குறை கூறுகிறவனுக்கும் அதே கயிற்றை வீசலாம் என்று வாதிக்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இணையத்தில் வேலை செய்து பிழைக்கிறவனுக்கு இந்த விவகாரம் இன்னும் நெருக்கமானது. 2020 மார்ச் 18ஆம் தேதி எல்லை மூடப்பட்டு, நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு அந்தரத்தில் நின்றபோது, ஜொகூரின் ஸ்கூடாயில் வீட்டின் பின்னறையில் அமர்ந்து மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து ஜீவிக்கிற என்னைப் போன்றவர்கள் தப்பித்தது இணையம் என்னும் இந்த ஒரு கம்பியின் தயவால்தான். 2022 ஏப்ரல் முதல் தேதி பாலம் முழுமையாகத் திறக்கும்வரை அதுவே எங்களுக்குச் சாலை. சோறும் சொல்லும் ஒரே வழியாக வருவதில் ஓர் ஆபத்து உண்டு: சோற்றைக் காப்பாற்றும் பொருட்டு மனிதன் சொல்லைத் தானே வெட்டிக்கொள்கிறான். எனக்கு வேலை தரும் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், பொதுவிடங்களில் அரசியல் அபிப்பிராயம் தெரிவிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற ஷரத்து சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. கையெழுத்திட்டேன், வேறு என்ன செய்வது? அரசாங்கத்தின் தணிக்கைக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். இதற்கு எதிராகப் போக இடமில்லை.

இப்பொழுது ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில் நடப்பதைப் பார்க்கிறேன். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது முதல், கூலாயிலும் செடெனாக்கிலும், மரம் நின்ற நிலத்தில், ஜன்னலற்ற பெருங்கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கூலாயில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் வளாகம் 500 மெகாவாட் மின்சாரத்துக்குத் திட்டமிடப்பட்டது. என்விடியாவும் அதனோடு கைகோத்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இணையக் கம்பெனிகளை வரவழைக்கச் சர்க்கார் சுதந்திரத்தை வாக்களிக்க வேண்டியிருந்தது. இன்று வருகிறவர்கள் கேட்பவை மின்சாரம், தண்ணீர், நிலம் ஆகிய மூன்றுதான். நான் படித்த அறிவிப்புகள் எதிலும் பேச்சுரிமையைப் பற்றி ஒரு முதலாளியும் வாய் திறந்ததாகக் காணோம். பெரிய சமூக ஊடகத் தளங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம் கட்டாயமானபோதும் கூலாயில் ஒரு செங்கல்கூட நின்றுவிடவில்லை. வியாபாரத்துக்காகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இனி வியாபாரிகள் வரமாட்டார்கள்.

ஆகையால் என் வேண்டுகோள் தமிழ் இணைய மாநாடுகளை நடத்துகிறவர்களுக்கு. 2001இல் கோலாலம்பூரில் கூடிய நாள் முதல் நாம் எழுத்துருவைப் பற்றியும் குறியேற்றத்தைப் பற்றியும் நன்றாகவே பேசியிருக்கிறோம்; அந்த எழுத்துக் காரியம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அடுத்த மாநாட்டில் ஒரு முழு நாளை ஒதுக்கி, வழக்கறிஞர்களை அழைத்து, 3ஆம் பிரிவையும் 233ஆம் பிரிவையும் புதிய துன்புறுத்தல் பிரிவுகளையும் எளிய தமிழில் விளக்கச் செய்து, அந்த விளக்கத்தை ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு, ஜொகூரிலிருந்து கெடாவரை உள்ள நம் இளைஞர் மன்றங்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். மொழிபெயர்க்கும் வேலையை நான் கூலியில்லாமல் செய்து தருகிறேன்.